ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் வேண்டும்

கணக்கின் விடை சரியா தவறா என்று பார்க்க ஒரு நொடி போதும். அந்த விடைக்கு மாணவர் எப்படி வந்தார் என்று அறிய, அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் பொறுமையாக வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு இந்தப் பொறுமையை ஏற்றுக்கொண்ட தேர்வு. 100 மதிப்பெண்களில் 14 மட்டுமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை. மீதி 86 மதிப்பெண்களும் எழுதிக் காட்ட வேண்டிய வினாக்களுக்கு உரியவை. இறுதி விடை தவறினாலும், சரியாக எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. நுழைவுத் தேர்வுகள் பலவற்றில் கிடைக்காத நியாயம் இது. பாதுகாக்கப்பட வேண்டிய நியாயமும்கூட.

ஆனால், இந்த நல்ல ஏற்பாட்டுக்குள் ஒரு பெரிய குறை வளர்ந்துவிட்டது. மதிப்பெண் படிகளுக்கு என்றானதும், படிகளே மனப்பாடப் பொருளாகிவிட்டன. சூத்திரம் எழுதினால் ஒரு மதிப்பெண், மதிப்புகளைப் பிரதியிட்டால் ஒரு மதிப்பெண், உதவிப் படம் வரைந்தால் இத்தனை மதிப்பெண் என்று பங்கு பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக என்ன உரிமை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. கணிதம் என்பது அந்த உரிமையைத் தவிர வேறொன்றுமில்லை.

கழித்தலில் தொடங்கும் விரிசல்

இந்த விரிசல் பத்தாம் வகுப்பில் தோன்றுவதல்ல. மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 502-இலிருந்து 247-ஐக் கழிக்கச் சொன்னால், 345 என்று எழுதும் குழந்தைகளை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். இது கவனக்குறைவு அல்ல. அந்தக் குழந்தை ஒன்றாம் இடத்தில் 2-ஐயும் 7-ஐயும் பார்த்தது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதியது. பத்தாம் இடத்தில் 0, 4, அங்கே 4. நூறாம் இடத்தில் 5, 2, அங்கே 3. ‘பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் கழிக்க முடியும்’ என்று யாரோ எப்போதோ சொன்னதை அது ஒவ்வொரு இடத்துக்கும் அப்படியே பொருத்திவிட்டது. தானாக ஒரு விதியை உருவாக்கிக்கொண்டு, அதைத் துளியும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்காட்டியது. கழித்தலில் குழந்தைகள் செய்யும் பிழைகளில் பல தற்செயலானவை அல்ல; தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதன் விளைவு. அப்படியானால், விடையின் மேல் சிவப்பு மையில் போடும் பெருக்கல் குறி எதையும் திருத்தாது. குழந்தை அடுத்த கணக்கிலும் அதே விதியைத்தான் பின்பற்றும். எந்த வரியில் எந்த விதி தவறியது என்று கண்டு சொன்னால்தான் பிழை நிற்கும்.

இங்கே காரணம் என்பது எது? இடமதிப்பு. 502 என்பது ஐந்து நூறு ரூபாய்த் தாள்களும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும். கையில் பத்து ரூபாய்த் தாள் இல்லை. ஆகவே, ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்ற வேண்டும். அவற்றில் ஒன்றைப் பத்து நாணயங்களாக மாற்ற வேண்டும். இப்போது கையில் இருப்பவை நான்கு நூறுகள், ஒன்பது பத்துகள், பன்னிரண்டு ஒன்றுகள். இதிலிருந்து 247-ஐக் கொடுத்தால் மிஞ்சுவது 255. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுக்கும்போது இந்த மாற்றல் மறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் பூஜ்யம் இருந்தால் என்ன செய்வது என்று குழந்தை திகைப்பதற்கு அதுவே காரணம்.

வகுத்தலிலும் இதே கதைதான். 612-ஐ 6 ஆல் வகுத்து ‘12’ என்று எழுதுகிறார்கள். ஆறு நூறுகளை ஆறு பேருக்குப் பங்கிட்டால், ஆளுக்கு ஒரு நூறு. இருக்கும் ஒரு பத்தை ஆறு பேருக்குப் பத்தாகவே பங்கிட முடியாது. ஆகவே பத்தாம் இடத்தில் 0. அந்தப் பத்தையும் இரண்டு ஒன்றுகளையும் சேர்த்தால் 12, ஆளுக்கு 2. விடை 102. ஈவில் வரும் அந்தப் பூஜ்யம் ‘ஒரு இலக்கத்தை இறக்கியும் வகுபடாவிட்டால் போட வேண்டிய சைபர்’ என்று மனப்பாடமானால் மறந்துபோகும். ‘யாருக்கும் பத்து கிடைக்கவில்லை’ என்ற காரணமாக இருந்தால் மறக்காது. 600-ஐ ஆறு பேருக்குப் பங்கிட்டாலே ஆளுக்கு 100 வருமே, 12 எப்படிப் போதும் என்று கேட்கத் தெரிந்த குழந்தை தன் பிழையைத் தானே பிடித்துவிடும்.

மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் இந்தக் கணக்கைத்தான் ‘அசர்’ என்ற கல்வி நிலை ஆய்வு கிராமப்புறக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இதைச் செய்ய முடிந்தவர்கள் தேசிய அளவில் 2018இல் 27.9 சதவீதம், 2022இல் 25.6 சதவீதம், 2024இல் 30.7 சதவீதம். எண் சற்று ஏறியிருக்கிறது என்றாலும், பத்தில் ஏழு குழந்தைகள் வகுத்தல் தெரியாமலேயே ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள் என்பதே நிலைமை. அங்கே அவர்களுக்காகப் பின்னமும் விகிதமும் சதவீதமும் காத்திருக்கின்றன.

அங்கும் காரணமில்லாத வரிகள் தொடர்கின்றன. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள்: மேலே உள்ளவற்றை மேலேயும் கீழே உள்ளவற்றைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டிய பிறகு அரையைவிடக் குறைவாக எப்படி வரும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம், பகுதிகளைச் சமமாக்கும் முறையைப் பத்து முறை எழுதுவதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். ஹங்கேரியில் பிறந்த கணிதவியலர் ஜார்ஜ் பொல்யா 1945இல் கணக்குத் தீர்ப்பதற்கு நான்கு கட்டங்களை வகுத்தார்: கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செய்துமுடி, திரும்பிப் பார். நம் வகுப்பறைகளில் மூன்றாவது கட்டம் மட்டுமே நடக்கிறது. முதலிரண்டையும் ஆசிரியர் செய்துவிடுகிறார். நான்காவதை யாரும் செய்வதில்லை.

எட்டு மதிப்பெண் முக்கோணம்

பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சியை உறுதிசெய்யும் பகுதி என்று இவற்றுக்குத் தனிப் பயிற்சி தரப்படுகிறது. பின்தங்கிய மாணவர்களும் இதில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதில் மகிழ்ச்சிதான். ஆனால், அவர்கள் எதை வரைந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா?

அடிப்பக்கம் 5 செ.மீ., உச்சிக் கோணம் 30 பாகை, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குக் குத்துயரம் 4.2 செ.மீ. என்று ஒரு முக்கோணம் வரைய வேண்டும். மாணவர் செய்வது இதுதான்: க, ச என்ற முனைகளோடு 5 செ.மீ. கோட்டை வரைகிறார். க-வில் கோட்டுக்குக் கீழே 30 பாகையில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக க-விலிருந்து மேல்நோக்கி இன்னொரு கோடு. க-ச கோட்டுக்கு மையக் குத்துக்கோடு. பின் அந்தச் செங்குத்துக் கோடும் மையக் குத்துக்கோடும் வெட்டும் புள்ளியை மையமாகக் கொண்டு க, ச வழியே ஒரு வட்டம். மையக் குத்துக்கோட்டில் 4.2 செ.மீ. உயரத்தைக் குறித்து, அதன் வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு. அது வட்டத்தை வெட்டும் இடத்தில் உச்சி. முடிந்தது, எட்டு மதிப்பெண்.

கோணத்தை ஏன் கீழே வரைந்தோம்? உச்சியில் கேட்ட 30 பாகையை அடியில் ஏன் வைத்தோம்? பெரும்பாலான மாணவர்களுக்குப் பதில் தெரியாது. பதில் அவர்களுடைய அதே பாடநூலில், அதே வடிவியல் பாடத்தில் இருக்கிறது. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையிலுள்ள கோணம், மாற்று வட்டத்துண்டில் அந்த நாண் தாங்கும் கோணத்துக்குச் சமம். கீழே வரைந்த கோடு, வரப்போகும் வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோட்டுக்குத் தொடுபுள்ளியில் வரையும் செங்குத்து, வட்ட மையத்தின் வழியே போகும். நாணின் மையக் குத்துக்கோடும் மையத்தின் வழியே போகும். ஆகவே இரண்டும் சந்திக்குமிடம் மையம். இனி, அந்த வட்டத்தின் மேற்பக்க வில்லில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் உச்சிக் கோணம் 30 பாகைதான். அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி 4.2 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளிகள் எல்லாம் ஓர் இணைகோட்டில் இருக்கும். ஒரு நிபந்தனைக்கு வில், மற்றொரு நிபந்தனைக்குக் கோடு. இரண்டும் நிறைவேறும் இடம் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி. அப்படி இரு புள்ளிகள் கிடைக்கின்றன. ஆகவே உச்சிக்கு இரண்டு இடங்கள் உண்டு.

இந்தக் காரணம் தெரிந்த மாணவர் படிகளை மறந்தாலும் மீண்டும் கண்டுபிடித்துவிடுவார். அது மட்டுமல்ல, தன் படத்தைத் தானே சரிபார்ப்பார். உச்சியில் 30 பாகை என்றால் மையத்தில் 60 பாகை. மையமும் க, ச முனைகளும் சேர்ந்து சமபக்க முக்கோணம். ஆகவே, வட்டத்தின் ஆரம் சரியாக 5 செ.மீ. வந்தாக வேண்டும். கவராயத்தில் 4.7 என்று காட்டினால் எங்கோ கை பிசகியிருக்கிறது. குத்துயரத்தை 10 செ.மீ. என்று மாற்றிக் கேட்டால், அப்படியொரு முக்கோணமே கிடையாது என்றும் அவரால் சொல்ல முடியும். வட்டத்தின் உச்சிப் புள்ளியே அடிப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 9.33 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. ‘முடியாது’ என்று காரணத்தோடு சொல்லத் தெரிவதும் கணித அறிவுதான். மனப்பாடம் அந்த இடத்துக்கு யாரையும் கொண்டுபோகாது.

மனைக்கு நான்கு பக்கம் போதாது

இதெல்லாம் தேர்வுக்கு வெளியே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நடுத்தரக் குடும்பம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்குவது பெரும்பாலும் 30-க்கு 40 மனை. 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு. மனையின் நான்கு பக்கங்களையும் டேப் பிடித்து அளக்கிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கிப் பரப்பு சொல்கிறார்கள். பக்கங்கள் 40, 30, 40, 30 என்று இருந்தால் 1,200 என்று மனநிறைவோடு பத்திரம் முடிக்கிறார்கள்.

நான்கு பக்கங்கள் ஒரு வடிவத்தை நிலைநிறுத்தாது. அதே பக்கங்களோடு மனை சாய்ந்திருக்கலாம். மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். அது 50 அடி என்றால், 30, 40, 50 செங்கோண முக்கோணம்; பரப்பு முழுமையாக 1,200. மூலைவிட்டம் 60 அடி என்றால்? 30, 40, 60 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தின் அரைச் சுற்றளவு 65. அதிலிருந்து மூன்று பக்கங்களையும் தனித்தனியே கழித்தால் 35, 25, 5. இந்த நான்கு எண்களின் பெருக்கற்பலன் 2,84,375. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 533.3. இரண்டு முக்கோணங்களுக்கும் சேர்த்து சுமார் 1,066 சதுர அடி. ஒன்பதாம் வகுப்பில் படித்த ஹெரான் சூத்திரம் இங்கே 130 சதுர அடிக்கு மேலான இழப்பைக் காட்டிவிடுகிறது. சராசரி எடுத்துப் பெருக்கும் முறை, செவ்வகத்தைத் தவிர மற்ற எந்த நாற்கரத்துக்கும் உண்மையைவிடக் கூடுதலான பரப்பையே தரும். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இந்த முறையைத் தோராயமானது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். கொத்தனார்கள் அடித்தளம் போடும் முன் 3 அடி, 4 அடி, 5 அடி என்று நூல் பிடித்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைக் காரணம் தெரிந்தவர்தான் அறிவார்.

மனப்பாடம் எதிரி அல்ல

இதைச் சொல்லும்போது மனப்பாடத்தைப் பழிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை நாள்தோறும் ஒப்பித்தே தமிழ்ப் பிள்ளைகள் கணக்கு கற்றார்கள். வாய்ப்பாடு நாவில் இருந்தால்தான் மனம் கணக்கின் போக்கைப் பின்தொடர முடியும். ஏழெட்டு எவ்வளவு என்று தடுமாறும் குழந்தையால் வகுத்தலின் காரணத்தைக் கவனிக்க முடியாது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் விதிகளைச் செய்யுளாகவே தந்தது, நினைவில் நிற்பதற்காக. வட்டத்தின் பரப்புக்கு அது சொல்லும் விதி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. ஆரியபட்டரும் இதையே சொன்னார். இந்த விதிக்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. வட்டத்தை மையத்திலிருந்து பதினாறு துண்டுகளாக வெட்டி, ஒன்றுக்கொன்று தலைகீழாக அடுக்கினால் ஏறக்குறைய ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் சுற்றளவில் பாதி, அகலம் ஆரம். துண்டுகள் சிறிதாகச் சிறிதாக அது செவ்வகத்தை நெருங்கும். கத்தரிக்கோலும் ஒரு தாளும் இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் இது கண்முன் விரியும். விதியை மனப்பாடம் செய்யட்டும்; அதன் காரணத்தை ஒரு முறையாவது கையால் செய்து பார்த்த பிறகு செய்யட்டும்.

ராமானுஜன் படிகளை எழுதினாரா என்றும் சிலர் கேட்பார்கள். அவருடைய நோட்டுகளில் முடிவுகளே நிறைந்திருக்கின்றன, நிறுவல்கள் அரிது. ஆனால், தாள் வாங்க வசதியில்லாத அந்த இளைஞர் சிலேட்டில் போட்டுப் பார்த்து, அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். படிகள் இல்லாமல் இல்லை; நமக்குக் கிடைக்காமல் போயின. அந்த நோட்டுகளுக்கு நிறுவல்களைச் சேர்த்து புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 தொடங்கி 1998 வரை வந்தன. ஒரு மேதை எழுதாமல் விட்ட காரணங்களைத் தேடி உலகின் தேர்ந்த கணிதவியலர்கள் இத்தனை காலம் உழைத்தார்கள் என்பதே காரணத்தின் மதிப்புக்குச் சான்று.

இன்று கணக்கைக் கைபேசியில் படம் பிடித்தால் ஒரு செயலி எல்லாப் படிகளையும் வரிசையாக எழுதிக் காட்டிவிடுகிறது. முன்பு கைடு செய்த வேலையை அது இலவசமாகவும் உடனடியாகவும் செய்கிறது. வீட்டுப்பாட நோட்டில் படிகள் சரியாக இருப்பது இனி மாணவருக்குப் புரிந்ததற்குச் சான்றாகாது. செயலியைத் தடுத்து இதைத் தீர்க்க முடியாது. ‘மூன்றாவது வரி எப்படி வந்தது, சொல்’ என்று மாணவரைப் பேச வைத்தால் தீர்க்க முடியும்.

செய்ய வேண்டியவை

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், அப்போது சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் நோக்கம் என்று அந்தக் குழு சொன்னது. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புகளில் பொருள்களைக் கையாண்டு எண்களைக் கற்க வழிசெய்திருக்கிறது. அந்த வகுப்புகளில் காரணம் குழந்தையின் கையில் இருக்கிறது. வகுப்பு உயர உயர அது நழுவிப்போகாமல் பார்த்துக்கொள்வதே இப்போதைய தேவை. அதற்குப் புதிய திட்டமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை.

முதலாவது, நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேற்றங்களை நிறுவும்போது எண், கூற்று, காரணம் என்று மூன்று பத்திகளில் அட்டவணை தரப்படுகிறது. யூக்ளிட் காலத்திலிருந்து வரும் ஒழுக்கம் அது: முன்பே ஒப்புக்கொண்டதையோ நிறுவியதையோ சுட்டாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. இந்த மூன்றாம் பத்தியைத் தேற்றங்களோடு நிறுத்தாமல், நான்காம் வகுப்பின் வகுத்தலுக்கும் பத்தாம் வகுப்பின் செய்முறை வடிவியலுக்கும் கொண்டுவர வேண்டும். எல்லாக் கணக்குக்கும் தேவையில்லை. ஒரு பயிற்சியில் ஒரு கணக்குக்குப் போதும்.

இரண்டாவது, பொதுத் தேர்வு மாறாமல் வகுப்பறை மாறாது. செய்முறை வடிவியலின் எட்டு மதிப்பெண்களில் இரண்டை ‘இந்தப் படி ஏன்’ என்ற கேள்விக்கு ஒதுக்கலாம். தவறாகச் செய்யப்பட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, எந்த வரியில் பிழை, ஏன் பிழை என்று கேட்கலாம். கைடு மனப்பாடத்துக்கு இந்த வினாக்கள் அடங்காது.

மூன்றாவது, ஆசிரியருக்கு நேரம் தர வேண்டும். போர்ஷனை முடித்தாக வேண்டும் என்று துரத்தப்படும் ஆசிரியரிடம் ஐம்பது நோட்டுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த வரி பிசகியது என்று கண்டுபிடிக்கச் சொல்வது அநியாயம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளின் பாட அளவைக் குறைத்தாவது இந்த நேரத்தை உண்டாக்க வேண்டும். குறைவாகப் படித்து, படித்ததன் காரணம் அறிந்த பிள்ளை, மீதியைத் தானே படித்துக்கொள்வார்.

பெற்றோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கணக்கு தெரியாதவர்களும் செய்யக்கூடிய பங்கு அது. பிள்ளை வீட்டுப்பாடம் முடித்ததும் ‘விடை சரியா’ என்று கேட்காதீர்கள். நோட்டில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, ‘இது எப்படி வந்தது’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள், அந்த வரியை மட்டும் மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள். காரணம் கேட்கும் பிள்ளையை மதிக்கும் வீடும், காரணம் சொல்லும் ஆசிரியருக்கு நேரம் தரும் அரசும், காரணத்துக்கு மதிப்பெண் தரும் தேர்வும் சேர்ந்தால், கணக்கைக் கண்டு அஞ்சும் தலைமுறை நம்மோடு முடிந்துவிடும். அடுத்த கல்வியாண்டின் வினாத்தாளிலேயே அதைத் தொடங்க முடியும்; கல்வித் துறை தொடங்க வேண்டும்.